கத்தரித்து ஒட்டிய இசை



1966 முதல் 1971 வரையிலான ஐந்தாறு ஆண்டுகளில் லண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சாவோ பாலோ, கொலோன் போன்ற ஊர்களில் பதிவான சில இசைத்தட்டுகளை உங்களுக்குச் சிபாரிசு செய்ய வந்திருக்கிறேன். சைக்கடெலிக் என்று பெயரிட்டுக் கடைக்காரர்கள் ஒரே அடுக்கில் அடைத்துவைத்திருக்கும் இசையில், துணிந்து சோதனை செய்து பார்த்தவர்களின் தட்டுகள் இவை. நம்மில் பலர் இளையராஜாவையும் கேட்கிறோம், டிசம்பரில் சபாவுக்கும் போகிறோம், ஆங்கிலப் பாட்டும் கொஞ்சம் கேட்கிறோம். அப்படிப்பட்ட காதுகளுக்கு இந்தத் தட்டுகள் அந்நியமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சை எடுத்தவுடன் போதைப்பொருள் குறுக்கே வந்து நிற்கிறது. எல்.எஸ்.டி., பூப்போட்ட சட்டை, சுவரில் நெளியும் வண்ண விளக்குகள் என்று ஒரு படம் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. அந்தக் காலத்து இளைஞர்கள் பலர் எல்.எஸ்.டி. உட்கொண்டார்கள், அதைப் பற்றிப் பாடவும் செய்தார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் தட்டைப் போட்டுக் கேட்டால் காதில் விழுவது வேலை. பிளேடும் ஒட்டுநாடாவும் சால்டரிங் கம்பியும் வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து செய்த நுணுக்கமான கைவேலை. மயக்கத்தில் கிடப்பவர் டேப்பைச் சரியான இடத்தில் வெட்டி, அடுத்த துண்டோடு தடம் தெரியாமல் ஒட்ட முடியாது. கேட்பவருக்குக் கனவு போல இருக்கும் ஒன்றை, முழு விழிப்போடு இருந்தவர்கள் உண்டாக்கினார்கள். ஆகவே அதைக் கேட்கவும் விழிப்பான காது போதும். எந்த மருந்தும் வேண்டாம். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

பீட்டில்ஸிலிருந்து தொடங்குகிறேன். 1966 ஏப்ரல் 6. லண்டன் ஆபி ரோட்டில் இ.எம்.ஐ. ஸ்டுடியோவின் மூன்றாம் கூடம். 'ரிவால்வர்' தொகுப்புக்காக அவர்கள் முதலில் பதிவுசெய்யத் தொடங்கிய பாட்டு, தட்டில் கடைசிப் பாட்டாக வந்தது: 'டுமாரோ நெவர் நோஸ்'. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. திபெத்திய மரண நூலைத் தழுவி டிமத்தி லியரியும் அவருடைய நண்பர்களும் எழுதிய புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு ஜான் லெனன் எழுதிய பாட்டு அது. மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் தன் குரல் கேட்கவேண்டும் என்றார் லெனன். கவிஞர் கேட்பது சுலபம். செய்துகொடுக்க வேண்டியவர் அந்த இருபது வயதுப் பையன். ஹாமண்ட் ஆர்கனோடு லெஸ்லி என்றொரு ஸ்பீக்கர் பெட்டி வரும். அதனுள்ளே ஒலிக்குழல் சுழன்றுகொண்டே இருக்கும். ஆர்கனின் ஒலிக்குப் பதிலாக லெனனின் குரலை அந்தப் பெட்டிக்குள் செலுத்தி, வெளியே வருவதை மைக் வைத்துப் பிடித்தார் எமெரிக். பாட்டின் பிற்பாதியில் குரல் வட்டமிட்டு வருவது போல இருக்கிறதே, அது அந்தச் சுழலும் குழல்.

ரிங்கோவின் பெரிய டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார்கள். ஸ்டுடியோவின் விதிமுறை அனுமதித்த தூரத்தைவிட மைக்கை மிக அருகே கொண்டுபோனார்கள். அதனால் அடியில் எதிரொலி இல்லை, வெறும் அதிர்வு. அந்தத் தாளக்கட்டு தொடக்கம் முதல் முடிவு வரை மாறவே இல்லை.

இனி வளையங்கள். பால் மக்கார்ட்னி தன் வீட்டு ரெக்கார்டரில் பழைய ஒலியை அழிக்கும் பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டு, டேப் துண்டின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கிச் சுற்றவிட்டுப் பதிவுசெய்தார். அழிப்பது இல்லாததால் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி மேல் ஒலி ஏறி, கடைசியில் மூலம் என்னவென்றே தெரியாத ஒரு பிண்டம் உருவாகும். கடற்பறவை கத்துவதுபோல் அந்தப் பாட்டில் கேட்பது, வேகம் கூட்டப்பட்ட மனிதச் சிரிப்பு. இப்படிப்பட்ட ஐந்து வளையங்களைத் தேர்ந்தெடுத்து, கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த ரெக்கார்டர்களில் ஓடவிட்டார்கள். வளையம் நீளமானது, இயந்திரத்துக்குள் அடங்காது. தொய்ந்துவிடாமல் இருக்க, ஒவ்வோர் இயந்திரத்தருகிலும் ஓர் ஊழியர் பென்சிலை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பிடித்தபடி நின்றார். அத்தனை அறைகளிலிருந்தும் கம்பிகள் ஒரே கலவை மேசைக்கு வந்தன. அங்கே உட்கார்ந்தவர்கள் பிடிகளை ஏற்றி இறக்கி, எந்த வளையம் எப்போது தலைகாட்ட வேண்டும் என்பதை அந்தக் கணத்திலேயே முடிவுசெய்தார்கள். அந்தக் கலவையை மறுபடி அப்படியே கொண்டுவர முடியாது என்று பிறகு ஜார்ஜ் மார்ட்டினே சொன்னார். மனோதர்மம் என்று நாம் வாய்ப்பாட்டில் சொல்வது, அன்று கலவை மேசையில் நடந்திருக்கிறது.

இந்தப் பாட்டு தம்புராவோடு தொடங்குகிறது. மீட்டியவர் ஜார்ஜ் ஹாரிஸன். மேற்கத்திய பாப் பாட்டில் அடித்தளம் ஓயாமல் நகரும், பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே ஆதாரம் அசையவில்லை. அது அசையாததால்தான் மேலே அத்தனை விநோதங்களும் நடமாட முடிகிறது. சுருதியோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரிந்துவிடும். ஆங்கிலேய இளைஞர்களுக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. இதற்குப் பிறகு சிதாரை வாசனைக்காகத் தூவிய பாட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. அவற்றில் ஒன்றைக்கூட நான் சிபாரிசு செய்யமாட்டேன். சிதாரை எடுத்துவிட்டால் அவை பழைய பாட்டுகள்தாம். தம்புராவை எடுத்துவிட்டால் 'டுமாரோ நெவர் நோஸ்' நிற்காது.

அடுத்து ஒரு பெண்மணி. இந்த மாலையின் பெரும்பகுதியை அவருக்கே கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை.

டெலியா டெர்பிஷர் 1937இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுச் சிதைத்த ஊர் அது. அபாயச் சங்கும், ஆபத்து நீங்கியதை அறிவிக்கும் சங்கும்தான் தன்னுடைய முதல் மின்னணு இசை என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கேம்பிரிட்ஜில் கணிதமும் இசையும் படித்தார். பட்டத்தோடு டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்கு வேலை கேட்டுப் போனபோது, ஒலிப்பதிவுக் கூடங்களில் பெண்களை வேலைக்கு வைப்பதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு பி.பி.சி.யில் சேர்ந்து, 1962இல் அதன் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்புக்குப் போனார். நாடகங்களுக்கும் கல்வி நிகழ்ச்சிகளுக்கும் புதிய ஒலிகள் செய்துகொடுப்பதற்காக 1958இல் தொடங்கப்பட்ட பிரிவு அது.

1963இல் 'டாக்டர் ஹூ' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு முகப்பிசை வேண்டியிருந்தது. ரான் கிரெய்னர் மெட்டைக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார். அதை ஒலியாக்கும் பொறுப்பு டெலியாவிடம் வந்தது. சின்தசைசர் அப்போது அங்கே இல்லை. பல தடங்களில் பதியும் ரெக்கார்டரும் இல்லை. ஒரு கம்பியைச் சுண்டிய ஒலி, ஆய்வுக்கூடங்களில் மின்கருவிகளைச் சோதிக்க உதவும் ஆஸிலேட்டரின் ஒலி, வெறும் இரைச்சல். இவ்வளவுதான் மூலப்பொருள். டேப்பின் வேகத்தை மாற்றி மாற்றி ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே பதிவுசெய்தார். பிறகு ஒவ்வொன்றையும் அளந்து வெட்டினார். டேப் வினாடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அரை வினாடி ஸ்வரம் ஏழரை அங்குலத் துண்டு. கால் வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம். காலப்பிரமாணம் இங்கே ஸ்கேலால் அளக்கிற ஒன்றாகிவிடுகிறது. துண்டுகளை வரிசையாக ஒட்டி ஒரு நாடா, அடியிசைக்கு இன்னொரு நாடா, மேலே சீறும் ஒலிகளுக்கு வேறொன்று. எல்லாவற்றையும் தனித்தனி இயந்திரங்களில் மாட்டி ஒரே நேரத்தில் ஓடவிட்டுக் கலந்தார்கள். எங்கோ ஒரு ஸ்வரம் பிசகி ஒலித்தது. எந்த ஒட்டில் தவறு என்று கண்டுபிடிக்க, நாடாக்களை பி.பி.சி.யின் மைடா வேல் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் அருகருகே விரித்துவைத்து ஒட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தவறான இடத்தில் மட்டும் ஒட்டு வரிசை கலைந்து நின்றது.

இசையைக் கேட்ட கிரெய்னர் வியந்துபோய், உரிமைத் தொகையில் பாதியை டெலியாவுக்குக் கொடுக்க விரும்பினார். ஊழியர்களின் பெயரை வெளியிடுவதில்லை என்ற வழக்கத்தைக் காட்டி பி.பி.சி. மறுத்துவிட்டது. தொடரின் முகப்பிசை உலகம் முழுக்க ஒலித்தது. அந்தத் தொடரின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர் ஏறியது 2013இல்தான். அவர் 2001இலேயே காலமாகிவிட்டார். அவருடைய வீட்டுப் பரணில் 267 டேப்புகள் கிடைத்தன. இப்போது அவை மான்செஸ்டரில் பாதுகாக்கப்படுகின்றன. இந்த வரலாற்றை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

நான் சிபாரிசு செய்யும் தட்டு அவர் அலுவலகத்துக்கு வெளியே செய்தது. டேவிட் வோர்ஹாஸ் என்ற இளைஞர், டபுள் பாஸ் வாசிப்பவர், மின்னணுவியலும் தெரிந்தவர். டெலியாவின் சொற்பொழிவு ஒன்றைக் கேட்கப் போனவர், அதன் பிறகு டெலியாவோடும் அவருடைய சக ஊழியர் பிரையன் ஹாட்ஸனோடும் சேர்ந்து 'ஒயிட் நாய்ஸ்' என்ற குழுவை அமைத்தார். லண்டன் கேம்டன் பகுதியில் தாங்களே ஒரு ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டு, 1969இல் 'ஆன் எலெக்ட்ரிக் ஸ்டார்ம்' என்ற தட்டை ஐலண்ட் நிறுவனத்துக்காக முடித்தார்கள். முதல் பக்கத்தில் பாட்டுகள்: காதலும் கேலியும் கொஞ்சம் அச்சமும் கலந்தவை, சில இடங்களில் குழந்தைப் பாட்டு போலவே இருக்கும். இரண்டாம் பக்கம் முற்றிலும் இருண்டது. அதில் கடைசியாக வரும் நீண்ட துண்டு நரகத்தில் அடிக்கும் புயலாகக் கற்பனை செய்யப்பட்டது. அந்தத் துண்டை நிறுவனத்தின் நெருக்கடியால் மிக அவசரமாக முடித்தார்கள். முதல் பக்கத்துக்குச் செலவழிந்த பொறுமை அதில் இல்லை என்பது என் கருத்து. தட்டு வந்தபோது அதிகம் விற்கவில்லை. கணினியில் இசை செய்யும் தலைமுறை பிற்பாடு அதைத் தேடிப்பிடித்துத் தலையில் வைத்துக்கொண்டது.

நியூயார்க்குக்குப் போவோம். கிரீனிச் வில்லேஜில் இரவு விடுதிகளில் வாசித்துவந்த ஒரு சாதாரண ராக் குழு. பாடகர் சிமியன் காக்ஸ் ஒருநாள் பழைய ஆஸிலேட்டர் ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்து பாட்டுக்கு நடுவே ஊளையிட வைத்தார். கிட்டார்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, ஒவ்வொருவராக விலகினார்கள். கடைசியில் மிஞ்சியது சிமியனும் டிரம்ஸ் வாசித்த டேனி டெய்லரும்தான். இருவர் போதும் என்று முடிவுசெய்து 'சில்வர் ஆப்பிள்ஸ்' ஆனார்கள். முதல் தட்டு 1968இல் காப் நிறுவனத்திடமிருந்து வந்தது.

சிமியனுக்குக் கீபோர்டு வாசிக்கத் தெரியாது. ஆகவே கீபோர்டே இல்லாத ஒரு கருவியைக் கட்டினார். ஒன்பது ஆஸிலேட்டர்கள், அவற்றை இயக்க 86 பிடிகளும் பொத்தான்களும். ஒலியை விட்டுவிட்டு எழுப்பத் தந்தி அடிக்கும் கட்டைகளைப் பொருத்தினார். கையாலும் முழங்கையாலும் முழங்காலாலும் மெட்டு, பாதத்தால் அடியிசை. ஆஸிலேட்டருக்குக் கார்டு கிடையாது, ஸ்வரங்களும் சிலதான். அதனால் பாட்டு ஒரே இடத்தில் நின்று துடிக்கும். டேனி டெய்லர் தன் டிரம்களை அந்த ஆஸிலேட்டர்களின் ஸ்வரங்களுக்கு ஏற்ப முறுக்கிச் சுருதி சேர்த்தார். மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்ப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயமில்லை. ராக் மேடையில் அது அபூர்வம். அவர் வாசிப்பைத் தனியாகக் கவனியுங்கள். இயந்திரத்தின் ஒரே சீரான ஓட்டத்துக்கு எதிரே ஒரு மனிதர் எவ்வளவு விதவிதமாகத் தாளத்தைப் பிரிக்கிறார் என்பது தெரியும்.

1969இல் இரண்டாவது தட்டு 'கான்டாக்ட்'. அட்டையின் முன்பக்கத்தில் இருவரும் பான் ஆம் விமானத்தின் விமானி அறையில் உட்கார்ந்திருக்கும் படம். பின்பக்கத்தில் நொறுங்கிய விமானத்தின் நடுவே உட்கார்ந்திருக்கும் படம். விமான நிறுவனம் வழக்குப் போட்டது. தட்டு கடைகளிலிருந்து அகற்றப்பட்டது, குழுவும் கலைந்தது. 1990களில் யாரோ அனுமதியில்லாமல் அடித்து விற்ற பிரதிகள் மூலம் இளைஞர்கள் அவர்களைக் கண்டுபிடிக்க, சிமியன் மீண்டும் மேடை ஏறினார். 2020இல் மறைந்தார்.

1967இல் லாஸ் ஏஞ்சலஸில் உருவான 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற குழு, 1968இல் வந்த ஒரே ஒரு தட்டோடு முடிந்துபோனது. தலைவர் ஜோசஃப் பேர்ட், சோதனை இசைக்குப் பெயர்பெற்ற ஜான் கேஜின் வட்டத்தில் பயின்ற இசையமைப்பாளர். பாடியவர் டோரத்தி மாஸ்கோவிட்ஸ். குரலில் எந்த நடிப்பும் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடுவார். ராக் குழு என்றால் கிட்டார் என்றிருந்த காலத்தில் இவர்கள் கிட்டாரே வைத்துக்கொள்ளவில்லை. மின் வயலினை ரிங் மாடுலேட்டருக்குள் செலுத்தினார்கள். அந்தக் கருவியின் கணக்கு எளிமையானது. இரண்டு ஒலிகளை உள்ளே விட்டால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் வெளியே வரும். 440 அதிர்வும் 100 அதிர்வும் போனால் 540உம் 340உம் வரும். உள்ளே போன இரண்டும் காணாமல்போகும். வந்தவை எந்த ஸ்வர வரிசைக்குள்ளும் அடங்காது, மணியோசைபோல நொறுங்கிக் கேட்கும். அவர்களுக்கு அந்த மாடுலேட்டரைச் செய்துகொடுத்தவர் டாம் ஓபர்ஹைம். பின்னாளில் உலகமெங்கும் புகழ்பெற்ற சின்தசைசர்களை உருவாக்கியவர் அவரே. தட்டின் தொடக்கத்தில் பல வாத்தியக் கோஷ்டிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டுகளை வாசித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் கடந்துபோகும். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வரும் மெதுவான பாட்டுகள் அந்தக் காலத்திலேயே மிக அழகானவை.

பிரேசிலில் இதே சோதனைக்கு வேறொரு விலை இருந்தது. 1964இலிருந்து அங்கே ராணுவ ஆட்சி. சாவோ பாலோவின் ஓஸ் முத்தான்தஸ் குழுவில் ரீத்தா லீ, அர்னால்தோ பப்டிஸ்டா, செர்ஜியோ டியாஸ் மூவரும் இருபதை ஒட்டிய வயதினர். அர்னால்தோ, செர்ஜியோ இருவரின் அண்ணன் கிளாவுதியோ சேசர் வீட்டிலேயே கிட்டாரும் அதற்கான மின்கருவிகளும் செய்துகொடுத்தார். வெளிநாட்டுக் கருவி வாங்கப் பணமும் வழியும் இல்லாத நாட்டில் இது ஒரு குடும்பத் தொழிற்சாலை. 1968இல் வந்த முதல் தட்டில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு இருக்கிறது. அதில் சிம்பல் ஒலிக்க வேண்டிய இடத்தில், பூச்சி மருந்து அடிக்கும் பம்பை அடித்துப் பதிவுசெய்தார்கள். கேட்டுப்பாருங்கள், 'ஸ்ஸ்' என்று அளவாக, மென்மையாக விழுகிறது. சிம்பல் அவ்வளவு பொருந்தியிருக்காது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு பாட்டுப் போட்டியில் பாடகர் கயெத்தானோ வெலோசோவோடு இவர்கள் மேடையேறியபோது, மின்கிட்டார் அமெரிக்க அடிமைத்தனம் என்று நம்பிய இடதுசாரி மாணவர்கள் கூச்சலிட்டு, மேடைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். முத்தான்தஸ் குழுவும் பதிலுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு வாசித்தது. டிசம்பர் 13 அன்று ராணுவ அரசு ஐந்தாம் நிறுவனச் சட்டம் என்ற கொடிய ஆணையைப் பிறப்பித்தது. மாத முடிவுக்குள் வெலோசோவும் அவருடைய தோழரான பாடகர் கில்பெர்த்தோ ஜில்லும் கைதானார்கள், அடுத்த ஆண்டு நாட்டைவிட்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். வலமும் இடமும் ஒருசேர வெறுத்த இசை அது. அந்தத் தட்டில் ஒரு வினாடிகூடக் கசப்பு இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் அந்த இளைஞர்கள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

போதையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அதன் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் முதல் தட்டு 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' 1967 ஆகஸ்டில் வந்தது. அதன் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சிட் பாரெட். கிட்டார் கம்பிகள்மேல் உலோக லைட்டரை உருட்டி, எதிரொலிக் கருவிக்குள் செலுத்தி அவர் எழுப்பிய ஒலிகளை இன்றும் பலர் நகலெடுக்கப் பார்க்கிறார்கள். 1968 ஏப்ரலில் அவர் குழுவில் இல்லை. மனம் சிதைந்து, கேம்பிரிட்ஜில் தாய்வீட்டுக்குத் திரும்பி, ஓவியமும் தோட்டமுமாக வாழ்ந்து 2006இல் இறந்தார். 1975இல் பழைய நண்பர்கள் பதிவுசெய்துகொண்டிருந்த ஸ்டுடியோவுக்கு அவர் திடீரென வந்தபோது, அவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. டெக்ஸாஸின் தெர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் பாடகர் ராக்கி எரிக்ஸன், சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததாக 1969இல் கைதாகி, சிறையைத் தவிர்க்கப் பைத்தியம் என்று வாதாடி, மனநோய்க் குற்றவாளிகளை அடைத்துவைக்கும் மருத்துவமனையில் மின்அதிர்ச்சிகளோடு மூன்றாண்டு கழித்தார். இவர்களை ஞானிகளாக்கி, கிறுக்குத்தான் மேதைமை என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநியாயம். பாரெட்டின் தட்டில் நாம் வியக்கும் ஒவ்வொன்றும் அவர் தெளிவாக இருந்தபோது செய்தது. தெளிவு போனபின் தட்டுகளும் சீக்கிரமே நின்றுவிட்டன.

போதையை அன்றே மறுத்தவர்களும் இருந்தார்கள். 1967 ஜூன் 18 பிற்பகலில் கலிஃபோர்னியாவின் மான்டரே விழாவில் சிதார் கலைஞர் ரவிசங்கர் வாசித்தார். தான் வாசிக்கும்போது புகைக்க வேண்டாம் என்று அந்தக் கூட்டத்திடம் கேட்டுக்கொண்டார். தன் இசையைக் கேட்கப் போதை தேவையில்லை, போதையில் கேட்பது அவமதிப்பு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதே விழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாரைக் கொளுத்தியது அவருக்கு வேதனையாக இருந்தது. வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிடும் மரபில் வந்தவருக்கு வேறெப்படி இருக்கும்?

நம் ஊரோடு நேரடித் தொடர்பு உள்ள தட்டு ஒன்றும் உண்டு. கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர் சுவாமி சச்சிதானந்தர். பத்தமடையில் பிறந்து ரிஷிகேசத்தில் ஆசிரமம் கண்ட சிவானந்தரின் சீடர். இலங்கையில் கண்டியில் பல ஆண்டுகள் பணி செய்தவர். சைக்கடெலிக் சுவரொட்டிகளால் புகழ்பெற்ற ஓவியர் பீட்டர் மாக்ஸ் 1966இல் அவரை நியூயார்க்குக்கு அழைத்துப் போனார். 1969 ஆகஸ்ட் 15 அன்று உட்ஸ்டாக் விழாவின் முதல் நாளில், லட்சக்கணக்கான இளைஞர்கள் முன்னால் காவி உடுத்தி மேடையில் அமர்ந்து பேசியவர் இவரே. போதைக்கு மாற்றாக யோகத்தை அந்த இளைஞர்களிடம் முன்வைத்தவர்.

அவரிடம் ஆறுதல் தேடி வந்தவர்களில் ஆலிஸ் கோல்ட்ரேன் ஒருவர். டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ கலைஞர். கணவர், சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன், 1967 ஜூலையில் 40 வயதில் இறந்தார். அவர் ஆர்டர் கொடுத்திருந்த ஹார்ப் அவர் இறந்த பிறகுதான் வீடு வந்து சேர்ந்தது. ஆலிஸ் அதைத் தானே வாசிக்கக் கற்றார். 1970 நவம்பரில் லாங் ஐலண்டில் தம் வீட்டு ஸ்டுடியோவில் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' தட்டின் பெரும்பகுதியைப் பதிவுசெய்தார். கடைக்காரர் இதை ஜாஸ் அடுக்கில் வைப்பார். நான் இதை இன்றைய வரிசையின் நடுநாயகமாக வைப்பேன். முதலில் தம்புரா, அதன்மேல் செசில் மெக்பீயின் டபுள் பாஸ் ஒரே சொற்கட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்க, ஹார்ப் அலையலையாக எழும்பி வரும். ஃபரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸஃபோன் அப்புறம் நிதானமாக உள்ளே நுழையும். டேப் வித்தை எதுவும் இல்லை. தம்புராவுக்கு என்ன வேலை என்று ஆலிஸுக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக ஜெர்மனி. கொலோன் நகரத்து 'கான்' குழுவில் ஹோல்கர் சூக்கையும் இர்மின் ஷ்மிட்டும் மின்னணு இசையின் முன்னோடி ஸ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள். டிரம்ஸ் யாக்கி லீபத்சைட். தாளமே இல்லாத சுதந்திர ஜாஸை உதறிவிட்டு, மாறாத ஓர் ஆவர்த்தனத்துக்குள் உட்கார்ந்துகொண்டவர். பாடகர் டாமோ சுசூக்கி, 1970இல் மூனிக்கில் தெருவில் பாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் கண்ணில் பட்டு, அன்று மாலையே மேடையேற்றப்பட்ட ஜப்பானியர். ஊருக்கு வெளியே ஒரு பழைய கோட்டையில் இடம் கிடைத்தது. இரண்டே தடங்கள் கொண்ட ரெக்கார்டர். மணிக்கணக்கில் வாசிப்பார்கள், எல்லாம் பதிவாகும். சூக்கை அதில் உயிருள்ள பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுவார். 1971இல் வந்த 'தாகோ மாகோ' இரட்டைத் தட்டில் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே பாட்டு, 'ஹாலெலுவா', பதினெட்டு நிமிடத்துக்கு மேல். லீபத்சைட்டின் தாளத்தை ஐந்து நிமிடம் கேட்டபின் சலிப்பு தட்டும். பத்தாவது நிமிடத்தில், மாறாதது என்று நினைத்ததற்குள் எத்தனை சின்ன மாற்றங்கள் என்று காது கண்டுகொள்ளும். மூன்றாம் பக்கம் முரடானது, முதலில் அதைத் தொடவேண்டாம்.

கேட்பதற்கு இரண்டு யோசனைகள். கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். அடியிசை மொத்தமும் போய்விடும், சில்வர் ஆப்பிள்ஸில் பாதிப் பாட்டே அடியிசைதான். பழைய தட்டைப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கவும் வேண்டாம். நான் சொன்ன எல்லாமே இப்போது மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. சபா இசையிலிருந்து வருகிறவர்கள் ஆலிஸ் கோல்ட்ரேனில் தொடங்கலாம். சினிமாப் பாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முத்தான்தஸ். கணினியில் இசை செய்யும் இளைஞர்கள் நேரே ஒயிட் நாய்ஸுக்குப் போங்கள்.

அந்தத் தட்டின் முதல் பாட்டு 'லவ் வித்தவுட் சவுண்ட்', மூன்று நிமிடம், அதை இப்போது இங்கே போடப்போகிறோம். அதில் வயலின்களும் செலோக்களும் வாசிப்பதுபோல் கேட்கும். ஒரு வயலின்கூடக் கிடையாது. எல்லாம் வோர்ஹாஸின் ஒரே டபுள் பாஸ், வேகத்தை மாற்றி, வெட்டி, ஒட்டியது. முதல் முறை பாட்டாகக் கேளுங்கள். உடனே இரண்டாம் முறையும் போடச் சொல்லியிருக்கிறேன். அப்போது ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள்.